பக்கத்து வீட்டுப் பத்திரிகை

கலைமதியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் திருக்கோகர்ணத்தில் இன்றுவரை ஒருவரும் இல்லை. கோயிலுக்குப் போகிற வழியில், டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, நாலடி அகலம்கூட இல்லாத பூக்கடை. ஒரு விலை சொல்வாள்; அதுதான் விலை. முகத்தைச் சுளித்தாலும் குறையாது, கெஞ்சினாலும் குறையாது. ஆனால் முழம் அளந்து நாரை அறுக்கும்போது மட்டும் அவள் கை தானாக ஒரு பூ தள்ளித்தான் அறுக்கும். "வெலையைக் கொறைக்க மாட்டேன். ஆனா கேட்டாலும் கேக்காட்டியும் கொசுறு ஒரு பூ உண்டு" என்பாள். அந்த ஒரு பூதான் அவளை இந்த வம்பில் இழுத்துவிட்டது.

போன ஆனி மாதம் ஒரு காதுகுத்து வீட்டுக்காரர் முப்பது முழம் கதம்பம் சொல்லி வைத்துவிட்டு, கட்டி முடித்த பிறகு வேண்டாம் என்று போன் செய்துவிட்டார். கலைமதிக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லவா வேண்டும்? அந்த ஆளைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைக்குள் சுருண்டு கிடந்த சரத்தை முறைத்துப் பார்த்தாள். ஒரு மல்லி, ஒரு கனகாம்பரம், ஒரு மரிக்கொழுந்து. மறுபடி மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து. முப்பது முழத்துக்கும் இதே பாட்டுத்தான். வெளியே மழை. வாங்க ஆளில்லை. சும்மா இருக்க அவளுக்கு வராது. கத்தரிக்கோலை எடுத்து, சரத்தின் முனையிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: முன்னே வெட்டிய துண்டு மாதிரி இன்னொரு துண்டு வரக்கூடாது. அதற்கு எவ்வளவு சின்னதாக வெட்ட முடியுமோ அவ்வளவு சின்னதாக வெட்ட வேண்டும்.

முதல் துண்டு ஒரு மல்லி. அடுத்தது ஒரு கனகாம்பரம். அடுத்தது ஒரு மரிக்கொழுந்து. நாலாவதாக மறுபடி மல்லி வந்தது. தனி மல்லியை ஏற்கெனவே வெட்டியாயிற்று. அதனால் கூட ஒரு பூ சேர்த்து மல்லி கனகாம்பரம் என்று வெட்டினாள். அப்படியே போனது. ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு பழைய துண்டும் கொசுறாக ஒரு பூவும்தான். அட, நாம் தினமும் செய்கிற வேலைதானே என்று சிரித்துக்கொண்டாள். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை பூ என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதினாள். 1, 1, 1, 2, 2, 2. அடுத்து 3, 3, 3 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதப் போனவள், கையிலிருந்த துண்டை எண்ணிவிட்டு நின்றாள். மூன்றுக்குப் பிறகு வந்தது நாலு. அப்புறம் மூன்று, நாலு, மூன்று, நாலு. அதற்குப் பிறகு 5, 5, 5. பிறகு 6, 7, 6, 7, 6, 7.

இதைப் பார்த்து ஒருத்தி வாயைப் பிளப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். கலைமதி பிளந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பி.எஸ்ஸி. கணிதத்தில் காலேஜிலேயே இரண்டாவதாக வந்தவள் அவள். திருச்சியில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்த வாரத்தில்தான் உதயசூரியன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வீட்டில் எல்லோரும் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசினார்கள். திருச்சியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. உதயசூரியன் நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாரத்தை அவள் மறக்கவே இல்லை.

மழை விட்ட பிறகும் அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். மல்லியில் தொடங்குகிற துண்டுகள் ஒரு வரிசை, கனகாம்பரத்தில் தொடங்குபவை ஒரு வரிசை, மரிக்கொழுந்து ஒரு வரிசை. நடுவில் ஒன்று முந்தும், ஒன்று பின்தங்கும். ஆனால் ஒரு சுற்று முடியும்போது மூன்றும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். சரி, நாலு வகைப் பூ இருந்தால்? வீட்டில் சட்டைப் பொத்தான்களைக் கோத்துப் பார்த்தாள். நாலுக்கும் சமமாக வந்து நின்றது. ஐந்துக்கும் நின்றது. ஆறில் துண்டுகள் தாறுமாறாக ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. இதோ உடையப் போகிறது என்று நினைத்தால், கடைசியில் ஆறும் சமர்த்தாக வரிசையில் வந்து நின்றன. எத்தனை பூ வைத்துக் கட்டினாலும் இப்படித்தான் நடக்கும் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது.

வெள்ளிக்கிழமைதோறும் பூ வாங்க வருகிற அரவிந்த்குமார் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் வாத்தியார். அவரிடம் காலண்டர் தாளைக் காட்டினாள். அவர் ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் ஓடி வந்தார். "எரநூறு வகைப் பூ வரைக்கும் பாத்துட்டேங்க. ஒண்ணுகூட தப்பல" என்றார். இப்படிப்பட்ட எண்வரிசைகளை உலகம் முழுக்க இருப்பவர்கள் எழுதிச் சேர்க்கிற ஒரு பதிவேடு இணையத்தில் இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். கலைமதி போனிலேயே தட்டித் தட்டி அனுப்பினாள். இரண்டு வரி. முதல் வரியில் மூன்று பூவின் எண்கள். இரண்டாவது வரியில், எத்தனை வகைப் பூ இருந்தாலும் எல்லா வரிசையும் சுற்றுக்குச் சுற்று சமமாகும் என்ற அவளுடைய கூற்று.

பதில் வந்தது. யாரோ ஒரு பதிப்பாசிரியர், எந்த நாடோ தெரியாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எண்கள் சரி. ஆனால் இரண்டாவது வரிக்கு நிரூபணம் எங்கே? இருநூறு வரை சோதித்ததெல்லாம் நிரூபணம் ஆகாது. அடுத்த வியாழக்கிழமைக்குள் நிரூபணம் வரவில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, மீதியை மட்டும் வெளியிடுவோம்.

கலைமதி அதை நாலு தடவை படித்தாள். முதல் வரியைக் கத்தரிக்கோல் வைத்திருக்கிற எவரும் எழுதிவிடலாம். இரண்டாவது வரிதான் அவளுடையது. அதை எடுத்துவிட்டால் அங்கே அவளுக்கென்று என்ன இருக்கிறது?

"அதான் மீதியைப் போடுறேங்குறாங்கல்ல, விட்டுத்தள்ளு கலை" என்றான் உதயசூரியன். "கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு."

"விட மாட்டேங்க" என்றாள். "எம்.எஸ்ஸி.யை விட்டேன். இத விட மாட்டேன்."

பன்னிரண்டு வருடத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணம் உதயசூரியனின் தங்கை ரம்யாவுக்கு. பத்திரிகை வைக்கிற வேலை மகனுக்கும் மருமகளுக்கும். அதற்கு மாமியார் செல்வராணி ஒரு சட்டம் வைத்திருந்தார், அதை மீற அந்த வீட்டில் ஆளில்லை. தூரத்து ஊர் முதலில். அப்புறம் பக்கத்து ஊர். அப்புறம் டவுன். அப்புறம் தெரு. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சுவரொட்டிய பக்கத்து வீடு. "தூரத்துல இருக்கவுகளுக்குத்தான் மொதல்ல சொல்லணும். பக்கத்து வீடு எங்க ஓடிறப் போகுது?" என்பார்.

ஆகவே வெள்ளிக்கிழமை மீமிசல். பைக்கின் பின்னால் பத்திரிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கலைமதி மனசுக்குள் பூ வெட்டிக்கொண்டே போனாள். உறவுக்காரர் வீட்டில் வறுத்த மீனைத் தட்டில் வைத்துவிட்டு, "ஏம்மா, மேலுக்கு முடியலையா? சாப்பிடாம ஒக்காந்திருக்க" என்று கேட்டார்கள். சனிக்கிழமை திருமயம். கோட்டை தெரிகிற சாலையில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியப்பா வீட்டாரை அங்கேயே பிடித்துப் பத்திரிகை கொடுத்தார்கள். கலைமதி குங்குமத்தை நீட்டிவிட்டு, பத்திரிகை உறையின் பின்னால் எதையோ எழுதினாள். ஞாயிறு, திங்கள் டவுன். மூன்று வழிகளில் நிரூபணம் எழுதிப் பார்த்தாள். மூன்றும் பாதியில் படுத்துக்கொண்டன. எல்லா வரிசையும் சமமாகாமல் நடுவில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? மாட்டாது என்று எப்படிச் சொல்வது? செவ்வாய்க்கிழமை அழுகையே வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி எழுதினாள்.

புதன்கிழமை மத்தியானம் கடையில் இருந்தாள். தெருவில் நாலு வீடு தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் காலையில் பத்திரிகை வைத்தாயிற்று. அவர்கள் வீட்டைத் தொட்டடுத்து இருப்பது செவந்தி வீடு. செவந்தி தையல்காரி, ரம்யாவின் கல்யாண ஜாக்கெட்டுகள் அத்தனையும் அவள் தைத்ததுதான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடைமுன் வந்து நின்றாள்.

"ஏ கலை. மீமிசலுக்கு வச்சாச்சு. திருமயத்துல பஸ் ஸ்டாப்புல நின்னவுகளுக்கு வச்சாச்சு. தெரு முக்குல நாகராசு அண்ணன் வீட்டுக்கும் எதிர்த்தாப்புல இருக்கவுகளுக்கும் வச்சாச்சு. சொவத்தோட சொவரா ஒட்டிக் கெடக்கேன், எனக்கு மட்டும் இல்லையாக்கும்?"

"சாயங்காலம் வாரோம்க்கா. அத்தை வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். ஒன் கல்யாணத்துக்கும் இப்புடித்தான், பந்தக்கால் நட்டதுக்கப்பறந்தான் எனக்குப் பத்திரிக. ஒங்க வீட்டுப் பத்திரிக என் கைக்கு வருதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? அங்கிட்டுப் பத்திரிகக் கட்டு காலி! இனி ஒரு வீடு பாக்கியில்ல. அம்புட்டுத்தான்."

கலைமதி மல்லியை நாரில் வைத்தபடியே அசையாமல் இருந்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை?"

"இப்பச் சொன்னதை."

"ஒங்க பத்திரிக எனக்கு வந்தா, ஒங்க கட்டு காலின்னு அர்த்தம். ஏன், தப்பா?"

"தப்பே இல்லக்கா. அதான், அதேதான்!" கலைமதி எழுந்து செவந்தியின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்தாள். வாங்க வந்த ஒரு அம்மாவிடம், "கொஞ்சம் நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். அவள் வாடிக்கையாளரை நிற்க வைத்தது அன்று ஒரு நாள்தான். வாழை இலையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஆறு பூவை வட்டமாக வைத்தாள்.

"இது ஒரு தெரு. வட்டமான தெரு. ஒவ்வொரு பூவும் ஒரு வீடு. மல்லியில ஆரம்பிச்சு ஒரு துண்டு வெட்டுறேன். அது முடிஞ்ச எடத்துல அடுத்த துண்டு வேற பூவுல ஆரம்பிக்குது. அப்ப மல்லி வீடு, அந்தப் பூ வீட்டுக்குப் பத்திரிக வச்சிருச்சுன்னு வச்சுக்கங்க. பத்திரிக வாங்குன வீடு, தன் கட்டுலருந்து ஒண்ண எடுத்து அடுத்த வீட்டுக்கு வைக்கும். அது இன்னொண்ணுக்கு. ஒரு சுத்துல எல்லா வீடும் எல்லா வீட்டுக்கும் சரியா ஒரு பத்திரிக வைக்கணும். மொதல்ல தனக்கே ஒண்ணு வச்சுக்கும், ஆரம்பச் சுத்துல மட்டும் அது கெடையாது."

"சரி."

"ஒரே பூவுல ஆரம்பிக்கிற துண்டு ஒவ்வொரு தடவையும் ஒரு பூ நீளுதுல்ல? அதனால வைக்கிற வீடும் ஒவ்வொண்ணாத் தள்ளிப்போகும். கடைசியா யாருக்கு வைக்கும் தெரியுமா? பக்கத்து வீட்டுக்கு."

"ஒங்க அத்தை மாதிரியே."

"அத்தை மாதிரியேதான். இப்பச் சொல்லுங்க, இந்தப் பத்திரிக சுத்துறது எப்ப நிக்கும்?"

செவந்தி இலையைப் பார்த்தாள். ஜாக்கெட் வெட்டுவதற்கு முன் துணியைப் பார்ப்பாளே, அதே பார்வை. "கட்டு காலியான வீட்டுல வந்து நிக்கும். குடுக்க ஒண்ணும் இருக்காதுல்ல."

"எந்த வீடு?"

"நடு வீடு எதுலயும் நிக்காது. ஒண்ணு வாங்குனா ஒண்ணு குடுக்குது, வரவுக்கு வரவு போக்கு இருக்கு. மொதல்ல கெளம்புன வீடுதான் வாங்குறதுக்கு முன்னாடியே ஒண்ணு குடுத்துருச்சு. அங்கதான் வந்து நிக்கும்."

"நின்னுருச்சு. மல்லி வீட்டுல கட்டு காலி. அப்ப மல்லி வீடு எல்லார்கிட்ட இருந்தும் வாங்கிருச்சு. அதுக்கு இங்கிட்டுப் பக்கத்து வீடு இருக்கே, அதுவும் மல்லி வீட்டுக்கு வச்சிருச்சு." கலைமதி அந்தப் பக்கத்துப் பூவைத் தொட்டாள். "அது வச்சிருச்சுன்னா என்ன அர்த்தம்க்கா?"

"அது கட்டும் காலி" என்றாள் செவந்தி.

"காலின்னா அதுவும் எல்லாருக்கும் குடுத்து, எல்லார்கிட்டயும் வாங்கிருச்சு. அதுக்குப் பக்கத்து வீடும் அதுக்கு வச்சிருச்சு."

"அப்ப அதுவும் காலி." செவந்தியின் விரல் வட்டத்தில் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டே போனது. "அதுவும் காலி. அதுவும் காலி. ஏ கலை, தெருவே காலியாயிருச்சுடி!"

"எல்லா வீடும் ஒரே அளவு குடுத்துருச்சு. எல்லா வரிசையும் சமம். ஆறு பூவா இருந்தா என்ன, ஆயிரம் பூவா இருந்தா என்ன, இதேதான். அடுத்த சுத்துக்குப் புதுக்கட்டப் பிரிச்சு மல்லி வீட்டுலருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்." கலைமதிக்குக் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குப் பன்னிரண்டு வருடமாக வந்ததில்லை.

செவந்தி இலையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, "போன வருசம் எம்மவன் காதுகுத்துக்கு நானும் அங்கிட்டுப் பக்கத்து வீட்டு நிலவழகனுக்குக் கடைசியாத்தான் வச்சேன். அவரு பொண்டாட்டி ஒரு வாரம் எங்கூடப் பேசல" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில், காத்து நின்ற அம்மா கடுப்பாகி, "பூ உண்டா இல்லையா?" என்று கத்தினார். கலைமதி அவருக்கு இரண்டு பூ கொசுறு வைத்தாள்.

"இந்தாக்கா, இப்பவே ஒங்களுக்கும் ஒரு பத்திரிகை குடுத்துர்றேன்" என்று பையைத் துழாவியவள் சட்டென்று நிறுத்தினாள். வீட்டில் இன்னும் நாலு பத்திரிகை பாக்கி இருந்தது. "வேணாம். கட்டு இன்னும் காலியாகல. வழக்கத்த ஒடைச்சா நிரூபணமும் ஒடைஞ்சுரும். நீங்க கடைசிதான்."

"நல்லா இருக்குடி ஒன் நியாயம்!" என்று மோவாயை இடித்துக்கொண்டு போனாள் செவந்தி. ஆனால் போகிற நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தடங்கல்தான். ஆனால் வீடு, பத்திரிகை, பக்கத்து வீடு என்று எழுதப் பெரிய ஆங்கிலம் தேவைப்படவில்லை. உதயசூரியன் தானே போய் மிச்சப் பத்திரிகைகளை வைத்துவிட்டு வந்தான். "செவந்தி அக்காவுக்குக் கடைசியாத்தான் வச்சேன். நீ எழுதுனது சரிதான்" என்று சொல்லி, காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். வியாழன் காலை கடை திறக்கும் முன் அனுப்பிவிட்டாள். நிரூபணத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: முக்கியமான யோசனை செவந்தியுடையது.

அனுப்பிய பிறகு ஒன்பது நாள் ஒரு சத்தமும் இல்லை. கல்யாண மாலை, சரம், பெண்ணுக்கு ஜடைப்பூ என்று அவள் கை ஓயவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மணிக்கும் ஒருதரம் போனைத் திறந்து பார்த்தாள். நாளைக்கு முகூர்த்தம் என்கிற அன்று மத்தியானம், வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் கிணுகிணுத்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படித்தாள்.

நிரூபணத்தை இரண்டு பேர் பார்த்தார்களாம். குறை இல்லையாம். இரண்டாவது வரி அப்படியே இருக்கும், அதன் பக்கத்தில் அவள் பெயரும் இருக்கும். ஒரே ஒரு கேள்வி: செவந்தி என்பவரின் யோசனை எந்தக் கட்டுரையில் வெளியானது? எப்படிக் குறிப்பிடுவது?

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மாமியார் அடுப்படியில். ரம்யா மருதாணிக் கையோடு உள்ளே. உதயசூரியன் ஏணிமேல் நின்று, "என்ன, வந்துருச்சா?" என்று கேட்டான். மீமிசல்காரர்கள் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கலைமதி ஒருத்தருக்கும் பதில் சொல்லவில்லை. வாழை மரத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

செவந்தி மிஷினில் உட்கார்ந்து கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கலைமதி போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஏத்துக்கிட்டாங்கக்கா. என் பேரு போடுறாங்க. ஒங்க பேரும் வருது. மொதல்ல ஒங்ககிட்டத்தான் வந்தேன். அவருகிட்டகூட இன்னும் சொல்லல."

செவந்திக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் தன் பெயரின் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. அதை விரலால் தடவிப் பார்த்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மொதல்ல எனக்கா? ஒங்க வீட்டுலருந்து மொதச் சேதி எனக்கு வந்ததே கெடையாதேடி. அப்ப ஒன் கட்டு இன்னும் காலியாகலையா?"

"இல்லக்கா" என்றாள் கலைமதி. "இப்பத்தான் பிரிச்சிருக்கேன்."